சாய்ந்த பலாவை விறகாக்காதீர்கள்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின், பண்ருட்டிக்கு அருகில் உள்ள எங்கள் பூர்விக வீட்டுக்கு மனைவியோடும் வயதான அம்மாவோடும் திரும்பியிருக்கிறேன். வீட்டைச் சுற்றி 45 சென்ட் இடம். முன்பக்கம் ஒரு பெரிய வேம்பு. அதன் நுனிகளெல்லாம் தீய்ந்துபோய் நிற்கின்றன. பின்பக்கம் ஒரு புளியமரம்; அதன் பெருங்கிளை பக்கத்து வீட்டுத் தகரக் கூரைக்கு மேல் நீண்டிருக்கிறது, அவர் தினமும் முறையிடுகிறார். சென்ற மழையில் சாய்ந்த பழைய பலாமரம் ஒன்றும் மாமரம் ஒன்றும் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. இரண்டு பக்கமும் கொடுக்காப்புளி வேலி மேலே காடாகி, கீழே ஓட்டை விழுந்துவிட்டது. மகன் இணையத்தில் ஒரு மரம் அறுக்கும் இயந்திரம் வாங்கி அனுப்பினான். ஒருமுறை ஓடியது, இரண்டு மாதம் கழித்து எடுத்தால் கிளம்ப மறுக்கிறது. அதைச் சரிசெய்துகொண்டு, வேம்பையும் புளியங்கிளையையும் நானே வெட்டி, சாய்ந்த மரங்களை அம்மாவின் வெந்நீர் அடுப்புக்கு விறகாக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். வேலியைத் தொட மனம் வரவில்லை, பட்டுவிடுமோ என்று பயம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

ஐயா, வணக்கம். உங்கள் பட்டியலை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. வெட்டத் தயங்கும் வேலிதான் வெட்ட வேண்டியது. வெட்டிவிடத் துடிக்கும் வேம்பு வெட்ட வேண்டியதில்லை. புளியங்கிளையை வெட்டத்தான் வேண்டும், ஆனால் உங்கள் கையால் அல்ல. சாய்ந்து கிடக்கும் பலாவை அடுப்பில் வைப்பது பற்றி மட்டும் கொஞ்சம் கோபத்தோடே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பலா. உங்கள் ஊர்ப் பலாமரத்தைத் தேடித் தஞ்சாவூரிலிருந்து ஆள் வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமலிருக்காது. வீணையும் மிருதங்கமும் செய்வதற்குப் பண்ருட்டிப் பலாவுக்குத் தனி மதிப்பு உண்டு. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை பலாக் கட்டையில் குடைந்து எடுக்கப்படுவதுதான். பழைய மரம் என்கிறீர்கள். அப்படியானால் உள்ளே மஞ்சள் நிற வைரம், அதாவது கெட்டியான நடுமரம், நன்றாக ஏறியிருக்கும். அதை ஒன்றரை அடித் துண்டுகளாக நறுக்கிவிட்டால் எந்த வாத்தியத்துக்கும் ஆகாது, நிலைக் கதவுக்கும் ஆகாது. அடிமரத்தை நீளமாகவே விட்டுவையுங்கள். கிளைகளை மட்டும் கழித்து விறகுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளி மரம் மழையில் ஊறி மட்கினாலும், வைரம் அவ்வளவு எளிதில் கெடாது. ஆனால் வெயிலில் வெடிக்கும். மரத்தின் ஈரம் பக்கவாட்டைவிட அறுத்த முனைகள் வழியாகத்தான் மிக வேகமாக வெளியேறுகிறது. முனை சீக்கிரம் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் அப்படியே இருக்க, நடுவிலிருந்து விரிசல் ஓடும். ஆகவே இரண்டு முனைகளிலும் மீதமுள்ள பெயிண்டையோ உருக்கிய மெழுகையோ கனமாகப் பூசுங்கள். அடியில் இரண்டு கட்டைகளைக் கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி, நிழலில் வையுங்கள். பிறகு அடிமரத்தின் சுற்றளவையும் நீளத்தையும் அளந்துகொண்டு, மர வியாபாரி இரண்டு மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். முதலில் வருபவர் "விறகு விலைதான் சார் போகும்" என்றுதான் சொல்வார். லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் என்ன கடிதம் வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்தது புளியங்கிளை. இதுதான் அவசரம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும்; புயல்களும் அதன் பின்னாலேயே வரும். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் உங்கள் பகுதியின் பலாவையும் முந்திரியையும் என்ன செய்தது என்பதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புளி ஆழமாக வேர்விடும் மரம். அதனால் மரம் சாயாமல் நிற்கலாம். நீண்டு தொங்கும் கிளைக்கு அந்த உறுதி கிடையாது.

இதற்கு ஏணியும் இயந்திரமும் எடுத்துக்கொண்டு நீங்கள் ஏறக்கூடாது. நான் எல்லோருக்கும் சொல்லும் விதி ஒன்றுதான்: இரண்டு கால்களும் தரையில் இருக்க வேண்டும், வாள் தோளுக்குக் கீழே இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று முடியாது என்றால் அது வீட்டுக்காரர் செய்யும் வேலை அல்ல. கனமான கிளை அறுபட்டதும் ஏணி சாய்ந்திருக்கும் பகுதி பாரம் நீங்கிச் சட்டென்று மேலே எழும்பும். ஏணி நழுவும்போது கையில் ஓடிக்கொண்டிருக்கும் சங்கிலி எங்கே போகும் என்பதை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

மரம் ஏறத் தெரிந்த ஆள்களை அழைத்து வாருங்கள். கூலி பேசும்போதே இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பேசுங்கள். முதலாவது, கிளையை வடக்கயிற்றில் கட்டி, நுனியிலிருந்து துண்டு துண்டாக இறக்க வேண்டும். தகரத்தின் மேல் ஒரு சுள்ளிகூட விழக்கூடாது. இரண்டாவது, கடைசி வெட்டு எங்கே விழ வேண்டும் என்பது. அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கால்வாசி ஆழத்துக்கு முதலில் ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை முறிந்து விழும்போது அடிமரத்துப் பட்டை நீளமாக உரிந்துகொண்டு வராமல் அந்த முதல் வெட்டு தடுத்துவிடும். பிறகு மிஞ்சியிருக்கும் கட்டையை எடுக்க மூன்றாவது வெட்டு. கிளை தோன்றும் இடத்தில் வளையம் போல ஒரு புடைப்பு இருக்கும். அதற்கு வெளியே வெட்ட வேண்டும், அதைச் சேர்த்துச் செதுக்கக்கூடாது. முளை போல நீட்டி விடவும் கூடாது. அந்தப் புடைப்பிலிருந்துதான் புதிய பட்டை வளர்ந்து காயத்தை மூடும். "சுத்தமாக மட்டம் தட்டிவிட்டேன்" என்று சொல்லும் ஆள்தான் மரத்துக்குப் பெரிய கெடுதல் செய்கிறவர்.

வெட்டிய இடத்தில் தார், பெயிண்ட், சிமெண்ட் எதுவும் வேண்டாம். மரங்களை இயந்திர வாளால் நெடுக்கில் அறுத்து, காயம் உள்ளே என்ன ஆகிறது என்று பார்த்த அமெரிக்க வன ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ, பூச்சு எதுவும் மட்கலைத் தடுப்பதில்லை என்று காட்டினார். மரம் தன் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது. பழமரங்களை மழைக்காலத்தில் வெட்ட நேர்ந்தால் மட்டும், பூஞ்சையைத் தடுக்க போர்டோ பசை தடவலாம்: மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பது கணக்கு. இரும்புப் பாத்திரத்தில் கலக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரரோடு வாக்குவாதம் வேண்டாம், அவர் சொல்வது நியாயம்தான். விழும் நிலையில் உள்ள மரத்தால் அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்து என்றால், கோட்டாட்சியர் அதை அகற்ற உத்தரவிட முடியும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவில் இருந்த இந்த அதிகாரம், 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 152-ஆவது பிரிவில் இருக்கிறது. அந்த அளவுக்குப் போக விடாமல், வெட்டும் நாளை அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கூலி உங்களுடையது. இறக்கிய கிளையில் பாதியை அவர் வீட்டு அடுப்புக்குக் கொடுத்துவிடுங்கள். புளி விறகு நின்று எரியும், நல்ல தணல் விழும், வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

கூலியாள்கள் வந்த கையோடு "மொட்டை அடித்துவிட்டால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை" என்று யோசனை சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். தலையை வெட்டிய மரம் பதற்றத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். அந்தத் துளிர்கள் மேல்பட்டையில் ஒட்டிக்கொண்டு வளர்பவை. ஆழமான பிடிப்பு இருக்காது. நான்கைந்து வருடத்தில் அவையே தொடைப் பருமன் ஆகி, அடுத்த புயலில் முறிந்து விழும்.

வேம்புக்கு வருகிறேன். சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் பல ஊர்களிலும் வேப்பமரங்கள் இப்படி நுனி கருகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைக் கொசு என்று பெயர் பெற்ற ஒரு சாறுறிஞ்சும் பூச்சியும், அதைத் தொடர்ந்து வரும் பூஞ்சையும் சேர்ந்து செய்யும் வேலை இது. பார்க்க மரமே செத்தது போலிருக்கும். பெரும்பாலான மரங்கள் அடுத்த கோடைத் துளிரில் மீண்டுவிடுகின்றன. நகத்தால் ஒரு சிறு கிளையின் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் மரம் உயிரோடுதான் இருக்கிறது. பங்குனி, சித்திரை வரை காத்திருங்கள். அதன் பிறகும் துளிர்க்காத குச்சிகளை மட்டும் கழித்தால் போதும்.

காத்திருக்கும்போது அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் மண் வெடித்து மேலே எழும்பியிருக்கிறதா, அடியில் காளான் முளைத்திருக்கிறதா, கட்டையால் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கிறதா, சாய்வு புதிதாகக் கூடியிருக்கிறதா? இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அப்போது கவலைப்படலாம். முற்றத்துக்குச் சிமெண்ட் போட்டவர்கள் அடிமரத்தை ஒட்டிப் பூசியிருந்தால், சுற்றிலும் மூன்றடியாவது உடைத்து எடுத்துவிடுங்கள். வேருக்குக் காற்று வேண்டும்.

வீட்டுக்கு வரும் மின்கம்பி அந்த வேம்பின் கிளைகளுக்குள் போகிறது என்றால், அந்தப் பக்கம் ஒரு குச்சியைக்கூட நீங்கள் ஒடிக்காதீர்கள். பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. அழைத்துச் சொன்னால் மின்சாரத்தை நிறுத்திக் கிளையைக் கழித்துத் தருவது அவர்கள் வேலை. முருங்கைக்காய் பறிக்க இரும்புக் குழாயில் துறட்டி செய்து வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். உங்கள் வீட்டிலும் இருந்தால் முதல் வேலையாக அதைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிட்டு மூங்கில் துறட்டி செய்துகொள்ளுங்கள்.

இப்போது இயந்திரம். அது இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினாகத்தான் இருக்கும். அதில் எண்ணெய்க்கென்று தனி அறை இல்லை, பெட்ரோலில் கலந்த 2டி எண்ணெய்தான் உள்ளே மசகு. கையேட்டில் 50-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றிருந்தால் 40 மில்லி. "கொஞ்சம் எண்ணெய்" என்று கண்ணால் அளக்கக்கூடாது. முதல் முறை வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டியிருந்தால், பிஸ்டன் உரசித் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்காமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

கலவை சரியாகத்தான் போட்டேன் என்றால் காரணம் வேறு. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேர்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கடலூர் மாவட்டக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? இரண்டு மாதம் டேங்கில் நின்ற பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டரின் சிறு துளைகளைப் பிசுபிசுப்பு அடைத்திருக்கும். பழையதை முழுவதும் வடித்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து, காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்து, புதிதாகக் கலந்து ஊற்றி முயன்று பாருங்கள். இனி வேலை முடிந்த அன்றே டேங்கை வடித்து, மீதம் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். சங்கிலிக்கான எண்ணெய் வேறு, அதற்குத் தனித் தொட்டி இருக்கிறது. அதையும் ஒவ்வொரு முறையும் நிரப்ப வேண்டும்.

கிளம்பிவிட்டால், கிடக்கும் மாமரத்தில் பழகுங்கள், அதற்கு அது ஏற்றது. வேட்டி, லுங்கி, தோளில் துண்டு எதுவும் கூடாது. சங்கிலி பட்டால் இழைகள் பிய்ந்து சக்கரத்தில் சிக்கி அதை நிறுத்திவிடும் பாதுகாப்புக் கால்சட்டைகள் கிடைக்கின்றன. நம் வெயிலில் அது வேதனைதான், இருந்தாலும் வாங்குங்கள். கெட்டியான பூட்ஸ், கண்ணாடி, காதடைப்பான் மூன்றும் வேண்டும். இயந்திரத்தைத் தரையில் வைத்து, சங்கிலித் தடையைப் போட்டு, பின்கைப்பிடியை வலது காலால் மிதித்துக்கொண்டுதான் கயிற்றை இழுக்க வேண்டும். தொங்கவிட்டபடி இழுப்பது சினிமாவில் மட்டும் அழகு. வாளின் மூக்கு, அதிலும் மேல்பாதி, எதன் மீதும் படக்கூடாது. பட்டால் வாள் கண்ணிமைக்கும் நேரத்தில் உங்கள் முகத்தை நோக்கித் திரும்பி எகிறும். மோசமான காயங்கள் பலவும் இப்படி நேர்ந்தவைதான்.

கட்டையின் இரண்டு முனையும் தாங்கலில் இருந்து நடுவில் அறுத்தால், மேல்பக்கம் நெருங்கி வாளைக் கவ்வும். அதனால் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, மீதியைக் கீழிருந்து அறுங்கள். ஒரு முனை அந்தரத்தில் நின்றால் இதற்கு நேர்மாறு. மண்ணில் சங்கிலி ஒருமுறை உரசினாலே கூர் போய்விடும். சில்லுச் சில்லாக விழுந்த மரம் மாவாக விழத் தொடங்கினால் நிறுத்தி அரம் போடுங்கள், அழுத்தி அறுக்காதீர்கள். அரத்தின் தடிமன் உங்கள் சங்கிலிக்கு எது என்று கையேட்டில் இருக்கும். பெருக்கல் குறி போல இரண்டு ஜோடிக் கட்டைகளை ஆணியடித்துத் தாங்கல் செய்துகொண்டால் முதுகுக்கும் நல்லது, சங்கிலிக்கும் நல்லது. தென்னங்கட்டையில் மட்டும் சோதிக்க வேண்டாம், நார் சங்கிலியின் கூர்மையைத் தின்றுவிடும்.

புல்வெட்ட பிரஷ் கட்டரும் வாங்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். வாங்க வேண்டாம், ஒரு வருடம் ஆள் வைத்து வெட்டிப் பாருங்கள். அந்த ஆள் வேலை செய்யும்போது 15 மீட்டருக்குள் அம்மாவோ ஆடு மாடோ இருக்கக்கூடாது; தெறிக்கும் கல் கண்ணாடி ஜன்னலை உடைக்கும், கண்ணையும் விடாது.

விறகு விஷயத்தில் ஊரில் நடக்கும் தவறு, உருண்டைக் கட்டையாகவே அடுக்கி வைப்பது. பட்டைக்குள் ஈரம் மாதக்கணக்கில் வெளியேறாது. பச்சையாக இருக்கும்போதே கோடாரியால் பிளந்துவிடுங்கள். கணு உள்ள கட்டைக்கு ஆப்பும் சம்மட்டியும். பிறகு செங்கல் மேல் சட்டம் வைத்துத் தரையிலிருந்து அரையடி உயரத்தில், காற்றுப் போகும்படி அடுக்கி, மேலே மட்டும் தகரம் போடுங்கள். பக்கங்களைத் தார்ப்பாயால் மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். ஈர விறகு எரியும்போது சூட்டில் ஒரு பங்கு அதன் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். சரியாக எரியாமல் எழும் புகை அம்மாவின் நெஞ்சில் இறங்கும். நன்கு காய்ந்ததா என்று அறிய இரண்டு துண்டுகளைத் தட்டிப் பாருங்கள், கணீரென்று ஒலிக்க வேண்டும்.

அடுக்கை வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கறையான் விறகில் ஏறி வாசற்கால் வரை வந்துவிடும். எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். இருட்டில் விறகு எடுக்க அம்மாவை அனுப்பாதீர்கள். அன்றன்றைக்கு வேண்டியதைப் பகலில் எடுத்து அடுப்பருகில் வையுங்கள். எடுக்கும் முன் கழியால் தட்டுங்கள். பாம்பு கடித்துவிட்டால் 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனை, இடையில் வேறெங்கும் நிற்க வேண்டாம். தோட்டத்தில் அரளி இருந்தால் அதன் குச்சியை மட்டும் அடுப்பில் வைக்கக்கூடாது, புகையும் நஞ்சு. தென்னம்பாளையும் பன்னாடையும் பற்றவைக்க இருக்கும்போது அரளிக்குத் தேவையும் இல்லை.

பனை ஏதாவது நிற்கிறதா என்று எழுதவில்லை. நின்றால் அதைத் தொடாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது.

கடைசியாக வேலி. கொடுக்காப்புளி வெட்டினால் பட்டுவிடும் மரம் அல்ல, வெட்ட வெட்டத் தழைக்கும். உங்கள் வேலி காடானதற்கும் கீழே ஓட்டை விழுந்ததற்கும் ஒரே காரணம், யாரும் வெட்டாததுதான். மேலே குடை விரித்து, கீழே வெயில் படாமல் கால் மொட்டையாகிவிட்டது. செப்டம்பர் கடைசிக்குள் ஒரு பக்கத்தை மட்டும் இடுப்பளவுக்கு இறக்குங்கள். மறுபக்கத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்து வெட்டினால் ஊர் ஆடெல்லாம் உள்ளே வந்துவிடும், குருவிகளுக்கும் போக்கிடம் இருக்காது. இதற்கு வெட்டரிவாளும் கைவாளும் போதும். ஒல்லிக் கிளைகளுக்குள் இயந்திர வாளை விட்டால் அது கிளையை இழுத்து உங்கள் மேலேயே வீசும். முள்ளைப் பாதையில் விடாதீர்கள், சைக்கிளும் பஞ்சர் ஆகும், காலும் ஆகும்; குத்தினால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

மழையில் துளிர்த்து ஓரடி வந்ததும் பாதியாகக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை பிரியும். வடிவம் எப்போதும் அடி அகன்று மேலே குறுகியிருக்கட்டும், அப்போதுதான் கீழ் இலைக்கும் வெயில் கிடைக்கும். ஓட்டை விழுந்த இடங்களில் நொச்சி, ஆடாதோடைப் போத்துகளை (நடுவதற்கான கிளைத் துண்டுகளை) முழ நீளத்தில் நறுக்கி, ஐப்பசி மழையில் பாதி ஆழத்துக்கு ஊன்றுங்கள். இரண்டையும் ஆடு கடிக்காது. கார்த்திகை முடியும்வரை மழையே பார்த்துக்கொள்ளும்; தை பிறந்த பிறகு வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும்.